பழைய ரெக்கார்டுகளை கம்ப்யூட்டரில் ஏற்றும் முன்: கார்ட்ரிட்ஜை நேராகப் பொருத்துவது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று: "பரண் மேல் பழைய இசைத்தட்டுகள் இருக்கின்றன. இவற்றை கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா?" தாராளமாக முடியும். ஒரு ரெக்கார்ட் பிளேயர், ஒரு கேபிள், ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேர், இவ்வளவுதான் தேவை. பிளேயரை கம்ப்யூட்டருடன் இணைத்து, சிவப்பு நிற ரெக்கார்ட் பட்டனை கிளிக் செய்தால் பாட்டு ஹார்ட் டிஸ்கில் பதிவாகிவிடும்.

ஆனால் அந்த சிவப்பு பட்டனுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது கம்ப்யூட்டருக்கு உள்ளே இல்லை, பிளேயரின் கை நுனியில் இருக்கிறது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் சரியான கோணத்தில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இது தவறாக இருந்தால் ஒலி சிதையும். தட்டில் உள்ள கீறல் சத்தத்தை சாஃப்ட்வேர் மூலம் ஓரளவு நீக்கலாம். காற்று இரைவது போன்ற சத்தத்தையும் குறைக்கலாம். ஊசி கோணலாக உரசியதால் வந்த சிதைவை நீக்கும் பட்டன் எந்த சாஃப்ட்வேரிலும் இல்லை. அது பாடகரின் குரலோடு கலந்தே பதிவாகிறது.

எங்கள் மோகனூரில் என் பெரியப்பா மைக் செட் வைத்திருந்தார். காவிரிக் கரையில் நடக்கும் கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டு போடுவது அவர் தொழில். அவரிடம் இன்னும் ஒரு பெட்டி நிறைய தட்டுகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலான சினிமா பாடல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரே ஒரு ஏழு அங்குல பக்திப் பாடல் தட்டு மட்டும் நான் தேடியவரை எங்கும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து கனமான ஊசியில் நூற்றுக்கணக்கான முறை ஓடித் தேய்ந்த தட்டு அது. "ஒரே ஓட்டத்தில் பதிஞ்சுக்கோ, ரெண்டாவது தடவை அதை ஓட்டாதே" என்பது பெரியப்பா போட்ட நிபந்தனை. இப்படி ஒரு தட்டு உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

உங்கள் பிளேயரில் இதைச் செய்ய முடியுமா?

முதலில் இதைப் பார்த்துவிடுங்கள். எச்.எம்.வி. ஃபியஸ்டா, காலிப்ஸோ போன்ற பழைய பெட்டி பிளேயர்களில் கார்ட்ரிட்ஜை நகர்த்த வழி கிடையாது. இப்போது விற்கும் சூட்கேஸ் வடிவ பிளேயர்களும் அப்படித்தான். இவற்றில் ஊசியை மட்டும் மாற்றலாம். அரிய தட்டை இவற்றில் ஓட்டாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் இவற்றின் ஊசி தட்டை மிகவும் அழுத்தும். பி-மவுண்ட் என்ற வகையில் கார்ட்ரிட்ஜ் பிளக் போல செருகப்படும். அதிலும் நாம் செய்ய ஒன்றும் இல்லை.

கையின் நுனியில் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள் போல வெட்டிய துளைகளும், அவற்றின் வழியே இரண்டு சிறிய ஸ்குரூக்களும் தெரிந்தால் உங்களுடையது இந்தப் பாடத்துக்கு உரிய பிளேயர். இரண்டு ஸ்குரூக்களுக்கும் இடைவெளி 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். எந்த கம்பெனி கார்ட்ரிட்ஜ் ஆனாலும் இந்த அளவு ஒன்றுதான்.

கோணம் ஏன் முக்கியம்?

தொழிற்சாலையில் மூலத்தட்டில் பள்ளம் வெட்டும் ஊசி, தட்டின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நேர்க்கோட்டில் நகரும். நம் வீட்டு பிளேயரின் கை அப்படி நகர்வதில்லை. கதவு கீலில் திரும்புவது போல ஒரு முனையில் நின்று வளைவாகத் திரும்புகிறது. நேர்க்கோட்டில் வெட்டியதை வளைவில் போய் படிக்கிறோம் என்றால், ஊசி பள்ளத்துக்கு எப்போதும் நேராக நிற்க முடியாது.

இதற்கு இரண்டு தந்திரங்கள் உண்டு. ஒன்று, கார்ட்ரிட்ஜை கைக்கு நேராக வைக்காமல் தட்டின் நடுப்பக்கம் கொஞ்சம் திருப்பி வைப்பது. இதன் பெயர் ஆஃப்செட் கோணம். இரண்டு, கையை நடுக்குச்சிக்கு நேராகக் கொண்டுவந்தால் ஊசி முனை அந்தக் குச்சியைத் தாண்டி சில மில்லிமீட்டர் வெளியே நிற்கும்படி வைப்பது. இதன் பெயர் ஓவர்ஹேங். இந்த இரண்டும் சரியாக அமைந்தால், தட்டில் இரண்டே இரண்டு இடங்களில் ஊசி பள்ளத்துக்கு மிகச் சரியாக நேராக நிற்கும். அவற்றை நல் புள்ளிகள் என்பார்கள். இங்கே நல் என்றால் பூஜ்யம், நல்லது என்று அர்த்தம் இல்லை! மற்ற இடங்களில் ஒன்று, இரண்டு டிகிரி தவறு இருக்கும். அது தவிர்க்க முடியாதது.

இந்தக் கணக்கு ரொம்பப் பழையது. 1924-லேயே இங்கிலாந்தில் பெர்சி வில்சன் இதைப் பற்றி எழுதினார். 1938-ல் ஸ்வீடனைச் சேர்ந்த லோஃப்கிரென் முழுக் கணக்கையும் போட்டார். 1941-ல் பேர்வால்ட் அதே விடைக்கு வந்தார். 1966-ல் ஸ்டீவன்சன் 'ஒயர்லெஸ் வேர்ல்டு' இதழில் கொஞ்சம் மாறுபட்ட விடை ஒன்றைத் தந்தார். இன்று கடையில் விற்கும் அளவுகோல்கள் அனைத்தும் இவர்களின் கணக்கில்தான் அச்சிடப்படுகின்றன.

ஒரு முக்கியமான விஷயம். கோணத் தவறு ஒரே அளவாக இருந்தாலும், தட்டின் நடுப்பக்கம் போகப் போக அதன் பாதிப்பு கூடும். 33⅓ வேகத்தில் ஓடும் எல்.பி.யின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் விநாடிக்கு 51 செ.மீ. கடைசிப் பாட்டின் முடிவில் அது 21 செ.மீ. மட்டுமே. அதே பாட்டு அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. கடைசிப் பாட்டில் மட்டும் 'ச', 'ஸ' எழுத்துகள் 'ஷ்ஷ்' என்று துப்புவது போலக் கேட்பதற்கு இது முக்கியமான காரணம்.

நம் ஊர் பெட்டிக்கு எந்தக் கணக்கு?

பெரும்பாலான வழிகாட்டிகள் பேர்வால்ட் கணக்கைத்தான் பயன்படுத்தச் சொல்கின்றன. அதன் நல் புள்ளிகள் நடுவிலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. பன்னிரண்டு அங்குல எல்.பி.க்கு இது அருமையான கணக்கு. ஆனால் நம் ஊர் மைக் செட் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். எல்.பி.யைவிட ஏழு அங்குல ஈ.பி. தட்டுகளே அதிகம் இருக்கும். 1960, 70-களின் தமிழ் சினிமா பாடல்கள் பெருமளவில் இந்தச் சின்னத் தட்டில், பக்கத்துக்கு இரண்டு பாட்டாக வந்தவை.

ஈ.பி.யின் பள்ளம் நடுவிலிருந்து சுமார் 84 மி.மீ. தொலைவில் தொடங்கி, சில தட்டுகளில் 54 மி.மீ. வரைகூடப் போகும். (ஸ்கேலை வைத்து உங்கள் தட்டை அளந்து பாருங்கள்.) பேர்வால்ட் கணக்கின் 120.9 என்ற புள்ளி இந்தத் தட்டுக்கு வெளியே காற்றில் நிற்கிறது! மிஞ்சுவது 66 என்ற ஒரே புள்ளி. சாதாரண அளவுள்ள ஒரு கையில் பேர்வால்ட் கணக்கைப் போட்டால், 54 மி.மீ.யில் தவறு கிட்டத்தட்ட 2 டிகிரி வருகிறது. பாதிப்பு அதிகமாகும் உள் ஓரத்தில் தவறும் அதிகமாகிறது என்று அர்த்தம்.

ஸ்டீவன்சன் கணக்கில் நல் புள்ளிகள் 60.3, 117.4 மி.மீ. இதில் அதே 54 மி.மீ.யில் தவறு சுமார் 1 டிகிரியாகக் குறைகிறது, அதாவது பாதி. இதற்குக் கொடுக்கும் விலை, எல்.பி.யின் வெளி ஓரத்தில் தவறு 1.8 டிகிரியிலிருந்து 2.2 டிகிரியாக ஆவது. வெளி ஓரத்தில் பள்ளம் வேகமாக ஓடுவதால் இது காதுக்குப் பெரிதாகத் தெரியாது. எனவே ஈ.பி.யும் எல்.பி.யும் கலந்த பெட்டிக்கு ஸ்டீவன்சன்தான் என் தேர்வு. எல்.பி. மட்டும் வைத்திருப்பவர்கள் பேர்வால்டோடு நின்றுகொள்ளலாம்.

டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 வகை பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஊசி முனைக்கும் ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்துக்கும் இடையே 52 மி.மீ. இருக்க வேண்டும் என்பது கம்பெனி சொல்லும் அளவு. அதன்படி கணக்குப் போட்டால் நல் புள்ளிகள் 58.8, 113.5 என்று வருகின்றன. ஸ்டீவன்சனுக்கு அருகில்தான்! ஆகவே நீங்கள் கம்பெனி அளவையே வைத்துக்கொள்ளலாம். கவலை வேண்டாம்.

கால்குலேட்டரைத் திறங்கள்

உங்கள் பிளேயருக்கு ஓவர்ஹேங் எவ்வளவு வரும் என்று தெரிந்துகொள்வது நல்லது. கார்ட்ரிட்ஜை முதலில் எங்கே வைத்துத் தொடங்குவது என்பதற்கு அது உதவும். நடுக்குச்சியின் மையத்திலிருந்து, கை திரும்பும் அச்சின் மையம் வரை உள்ள தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து கொள்ளுங்கள். பிளேயருடன் வந்த புத்தகத்தில் இந்த அளவு இருந்தால் இன்னும் நல்லது. உதாரணமாக அது 222 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

விண்டோஸ் கால்குலேட்டரில் 222-ஐ 222-ஆல் பெருக்குங்கள். 49,284 வரும். அடுத்து 60.3-ஐ 117.4-ஆல் பெருக்குங்கள். 7,079 வரும். இரண்டையும் கூட்டினால் 56,363. இதற்கு வர்க்கமூலம் எடுத்தால் 237.4. இதுதான் அச்சிலிருந்து ஊசி முனை வரை இருக்க வேண்டிய தூரம். இதிலிருந்து 222-ஐக் கழித்தால் 15.4 மி.மீ. உங்கள் ஓவர்ஹேங் இதுவே. எக்செல் அல்லது கால்க் தெரிந்தவர்கள் இதை ஒரு ஷீட்டில் போட்டு வைத்தால், 222-க்குப் பதில் வேறு எண் கொடுத்தவுடன் விடை மாறிவிடும்.

அளவுத்தாள் தயாரித்தல்

விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. லிப்ரே ஆபீஸ் டிரா என்ற இலவச சாஃப்ட்வேரில் நாமே வரைந்து கொள்ளலாம். புதிய ஏ4 பக்கம் ஒன்றைத் திறங்கள். அதில் 7.2 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். இது நடுக்குச்சி நுழையும் துளை. வட்டத்தின் மையத்திலிருந்து ஒரு நேர்க்கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் மையத்திலிருந்து 60.3 மி.மீ.யில் ஒரு புள்ளி, 117.4 மி.மீ.யில் ஒரு புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளி வழியாகவும் முதல் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். அதன் இருபுறமும் 2 மி.மீ. இடைவெளியில் இன்னும் சில கோடுகள் போட்டால் சிறிய கட்டம் போல ஆகிவிடும். கோட்டைத் தேர்வு செய்து எஃப்4 கீயை அழுத்தினால் 'பொசிஷன் அண்ட் சைஸ்' விண்டோ வரும். அதில் அளவுகளை எண்ணாகவே டைப் செய்யலாம். மவுஸால் இழுத்து சரி செய்ய முயல வேண்டாம்.

பக்கத்தின் ஓரமாக, குறுக்கே ஒரு 100 மி.மீ. கோடும் நெடுக்கே ஒரு 100 மி.மீ. கோடும் போட்டு வையுங்கள். எதற்கு என்கிறீர்களா? இந்தப் பாடத்தில் புதியவர்கள் ஏமாறும் இடமே இதுதான். பிரிண்ட் கொடுக்கும்போது பெரும்பாலான புரோகிராம்கள் பக்கத்தை 'ஃபிட்' என்று கொஞ்சம் சுருக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. 3 சதவீதம் சுருங்கினாலே 117.4 என்பது 113.9 ஆகிவிடும், உழைப்பெல்லாம் வீண். எனவே பிரிண்ட் விண்டோவில் 'ஆக்சுவல் சைஸ்' அல்லது '100 சதவீதம்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுப்பதாக இருந்தால் பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டு போய், கடைக்காரரிடம் இதைச் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த இரண்டு 100 மி.மீ. கோடுகளையும் ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் அந்தத் தாளைப் பயன்படுத்த வேண்டும். மாதிரி பிரிண்டை மீண்டும் ஜெராக்ஸ் எடுத்து நண்பருக்குக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் மெஷினும் அளவை மாற்றும்.

துளையை வட்டமாக வெட்ட முயன்றால் பெரிதாகிவிடும். பிளேடால் கூட்டல் குறி போலக் கீறி, குச்சியில் அழுத்தி இறக்குங்கள். தாள் ஆடாமல் கச்சிதமாக உட்காரும்.

இப்போது பிளேயருக்கு வருவோம்

பிளேயரின் பவர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிளேயர் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஊசியின் பிளாஸ்டிக் மூடி இருக்கும்போதே ஒயர்களை மாட்டுங்கள். வெள்ளை இடது, நீலம் இடது கிரவுண்ட், சிவப்பு வலது, பச்சை வலது கிரவுண்ட். சிறிய இடுக்கியால் பிடித்து மெதுவாகச் செருகுங்கள். கார்ட்ரிட்ஜில் மாட்டிய நிலையில் சால்டரிங் செய்யவே கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய காயில் சூட்டில் போய்விடும்.

ஸ்குரூக்களை, கார்ட்ரிட்ஜ் தானாக நகராமலும் விரலால் தள்ளினால் நகரும்படியும் லேசாக முடுக்குங்கள். அடுத்தது எடை. இதை முதலில் அமைக்க வேண்டும், ஏனெனில் எடை மாறினால் ஊசி அமுங்கும் அளவும் மாறும். கார்ட்ரிட்ஜ் கம்பெனி கொடுத்த எடையை மீற வேண்டாம். ஆடியோ டெக்னிகா வி.எம்.95.ஈ என்றால் 2.0 கிராம், ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம். தட்டு தேய்ந்துவிடும் என்று பயந்து எடையைக் குறைப்பவர்கள் உண்டு. அது தவறான சிக்கனம். எடை குறைந்தால் ஊசி பள்ளத்துக்குள் குதித்துக் குதித்து ஓடி, தட்டை இன்னும் அதிகமாகக் கெடுக்கும். கையின் பின்புறம் உள்ள எண்களை நம்புவதைவிட, 0.01 கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு வாங்கிவிடலாம். சேலத்துக் கொலுசுப் பட்டறைகளுக்கு வெள்ளி எடை போட உதவும் தராசு ரகம்தான். தராசின் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் ஒட்டி, எடை தவறாகக் காட்டும். ஊசி வைக்கும் இடம் இசைத்தட்டின் உயரத்திலேயே இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அளவுத்தாளைச் சுழல்தட்டின் மேல் வையுங்கள். கையை 117.4 புள்ளிக்குக் கொண்டு போய், தட்டைக் கையால் திருப்பி, ஊசி முனை சரியாகப் புள்ளியின் மேல் இறங்கும்படி செய்யுங்கள். தாளைத்தான் ஊசிக்குக் கீழே கொண்டுவர வேண்டும். இறங்கிய ஊசியை இழுக்கக் கூடாது. கார்ட்ரிட்ஜின் முன்னால் நேராக நின்று பார்த்து, அது கட்டத்தின் கோடுகளுக்கு இணையாகும்வரை திருப்புங்கள். திருப்பும்போது ஊசியைத் தூக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது 60.3 புள்ளிக்குப் போங்கள். அங்கும் இணையாக இருந்தால் வேலை முடிந்தது. முதல் முறையிலேயே அப்படி அமைவது அபூர்வம். கார்ட்ரிட்ஜின் மூக்கு நடுக்குச்சிப் பக்கம் திரும்பியிருந்தால் ஓவர்ஹேங் போதவில்லை; கார்ட்ரிட்ஜை முன்னால் தள்ளுங்கள். மூக்கு வெளிப்பக்கம் பார்த்தால் ஓவர்ஹேங் அதிகம், பின்னால் தள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் போதும். திரும்பவும் 117.4, திரும்பவும் 60.3. இப்படி ஐந்தாறு முறை போய்வர வேண்டியிருக்கும். அவசரப்பட வேண்டாம். 1 மி.மீ. தவறு இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சுமார் 0.5 டிகிரி வித்தியாசத்தைத்தான் காட்டும். வெறும் கண்ணில் இது பிடிபடாது. மொபைல் போன் கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஜூம் செய்து படம் எடுத்து, அதை கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பாருங்கள். என் அனுபவத்தில் இது பூதக்கண்ணாடியைவிட மேல்.

பெரிதாக்கிப் பார்க்கும்போது கார்ட்ரிட்ஜின் உடலைப் பார்க்காதீர்கள். ஊசியைத் தாங்கும் மெல்லிய கம்பி இருக்கிறதே, கேன்டிலீவர், அதைக் கோட்டோடு ஒப்பிடுங்கள். விலை குறைந்த கார்ட்ரிட்ஜ்களில் உடல் நேராக இருந்தும் இந்தக் கம்பி ஒரு டிகிரி சாய்ந்திருப்பது சகஜம். பள்ளத்தில் ஓடுவது கம்பிதான், பெட்டி அல்ல.

ஸ்குரூக்களை முழுதாக முடுக்கும்போது கார்ட்ரிட்ஜ் திரும்பப் பார்க்கும். இரண்டு ஸ்குரூக்களையும் மாறி மாறி, கால் சுற்று கால் சுற்றாக முடுக்குங்கள். முடுக்கியபின் இரண்டு புள்ளிகளையும் மறுபடி பாருங்கள். எடையையும் மறுபடி பாருங்கள். கார்ட்ரிட்ஜ் முன்னால் நகர்ந்திருந்தால் எடை கூடியிருக்கும். ஆன்டி-ஸ்கேட் என்ற திருகு இருந்தால் எடைக்குச் சமமான எண்ணில் வையுங்கள். கடைசியாக, முன்னால் இருந்து பார்க்கும்போது கார்ட்ரிட்ஜ் இடது வலதாகச் சாயாமல் நிற்க வேண்டும்.

கம்ப்யூட்டரே சோதித்துச் சொல்லும்

இந்தச் சாய்வை கண்ணால் பார்ப்பதைவிட ஆடாசிட்டியில் சோதிப்பது எளிது. போனால் போகட்டும் என்று நினைக்கும் மோனோ தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஈ.பி.க்களில் இதற்குப் பஞ்சமே இல்லை. அரை நிமிடம் ஸ்டீரியோவில் பதிவு செய்யுங்கள். மோனோ தட்டில் இடது, வலது இரண்டிலும் ஒரே பாட்டுதான் இருக்கிறது. எனவே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பாட்டு மறைந்து, தூசி சத்தம் மட்டும் மிஞ்ச வேண்டும்.

டிராக்கின் பெயர் மேல் கிளிக் செய்து 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' என்பதைத் தேர்வு செய்யுங்கள். இரண்டு டிராக்குகள் கிடைக்கும். 'எஃபெக்ட்' மெனுவில் உள்ள 'நார்மலைஸ்' மூலம் இரண்டையும் தனித்தனியே ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள். பெரிய கீறல் சத்தம் இல்லாத பகுதியாக எடுத்தால்தான் இந்த அளவு சரியாக வரும். பிறகு ஒரு டிராக்கை மட்டும் தேர்வு செய்து 'இன்வெர்ட்' கொடுங்கள். அடுத்து இரண்டையும் தேர்வு செய்து 'டிராக்ஸ்' மெனுவில் 'மிக்ஸ் அண்ட் ரெண்டர்' கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். குரல் எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தால் சாய்வு சரி. குரல் பலமாகக் கேட்டால் ஹெட்ஷெல்லை மிக லேசாகச் சாய்த்து மறுபடி பதிவு செய்து பாருங்கள். 'இன்வெர்ட்' கொடுக்காமல் கலக்கும்போதே குரல் காணாமல் போகிறதா? அப்படியானால் ஒரு பக்கத்து ஒயர்கள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன.

இந்தச் சோதனை சாய்வை மட்டுமே சொல்லும். ஓவர்ஹேங்கைச் சோதிக்க காதுதான் வழி. ஒரு பக்கத்தின் முதல் பாட்டு, கடைசிப் பாட்டு இரண்டிலிருந்தும் 'ச', 'ஸ' வரும் வரிகளைப் பதிவு செய்து ஹெட்போனில் ஒப்பிடுங்கள். கடைசிப் பாட்டில் கொஞ்சம் மங்கலாக இருப்பது இயற்கை. கரகரப்பாக இருந்தால் தாளை மறுபடி எடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும், பல தட்டுகளில் ஒரே இடத்தில் கரகரப்பு வராமல் ஒரு தட்டில் மட்டும் வந்தால், அந்தத் தட்டு தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பதிவு செய்யும்போது

கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது 3 முதல் 5 மில்லிவோல்ட் மட்டுமே. இதை லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேராகச் செருகக் கூடாது. நடுவே ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். யு.எஸ்.பி. உள்ள பிளேயர்களில் அது உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் இன்புட்டுக்கான 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்' என்பதை ஆஃப் செய்துவிடுங்கள். 'உம்ம்' என்ற சத்தம் வந்தால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பிளேயரின் கிரவுண்ட் ஒயர் பிரீஆம்பில் மாட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். நிமிடத்துக்கு சுமார் 17 எம்.பி. ஆகும். ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். அரிய தட்டுக்கு முன்னால், அதே அளவு சத்தமுள்ள வேறு தட்டை ஓட்டி இந்த அளவை முடிவு செய்துகொள்ளுங்கள். ஊசி இறங்குவதற்கு முன்பே ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள். முடிந்ததும் எந்த எஃபெக்ட்டும் போடாமல் ஃபிளாக் அல்லது வேவ் ஃபைலாக ஒரு பிரதி சேமியுங்கள். கீறல் நீக்குவது, எம்.பி.3 ஆக்குவது எல்லாம் அதன் நகலில்தான்.

78 வேகத் தட்டுகளை இந்த ஊசியில் ஓட்டாதீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி' (1950), எங்கள் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞரின் நாவலைப் படமாக்கிய 'மலைக்கள்ளன்' (1954) காலத்துப் பாடல்கள் அந்த வகைத் தட்டில் வந்தவை. அவற்றின் பள்ளம் அகலமானது. எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான் என்றால், 78-க்கு சுமார் 75 மைக்ரான் வேண்டும். கார்ட்ரிட்ஜை மாற்றாமல் ஊசியை மட்டும் 78-க்கு உரியதாக மாற்றும் வசதி பல கார்ட்ரிட்ஜ்களில் இருக்கிறது. அப்படி ஊசியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும், இரண்டு புள்ளிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். புது ஊசியின் கம்பி பழையதைப் போலவே நேராக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அளவுத்தாளை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தட்டுப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.